ஹெரால்டுக்கு எந்த புஷ்? ரப்பரா, பாலியா, நைலானா?

போன ஐப்பசி அடைமழை விட்டதும் வண்டியை வெளியே எடுத்தேன். 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 2. கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து ஏறும்போது, ஸ்டீயரிங் இரண்டு விரற்கடை சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பியது. வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கத்திலிருந்து "லொடக்" என்று ஒரு சத்தம்.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி. பக்கத்து வீட்டுப் பையனை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ஸ்டீயரிங் ரேக்கே (சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் பல் தண்டு) குழாயோடு பக்கவாட்டில் நகர்ந்தது. ரேக்கை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) பிடித்திருக்கும் ரப்பர் இரண்டும் எண்ணெய் குடித்து உப்பி, தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டின. மேல் விஷ்போனில் (சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கவை வடிவக் கை) புஷ்ஷின், அதாவது மூட்டுக்குள் உட்காரும் வளையத்தின், நடுக்குழல் மையத்தில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. அடியில் கறுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தது. ரப்பர் அரைபட்டால் வரும் பொடி அது.

அன்றிலிருந்து நான்கு மாதம் இந்த புஷ் விவகாரத்தில்தான் போனது. கடைசியில் என் மேசை மேல் நான்கு வகைச் சாமான்கள் இருந்தன. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கிடைத்த அந்தக் காலத்துப் பெட்டி உடைக்காத ரப்பர் புஷ், அம்பத்தூரில் மாதிரி கொடுத்து வார்க்கச் சொன்ன புது ரப்பர், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாலியூரித்தேன் (சுருக்கமாக பாலி) செட், லேத்தில் கடைந்த நைலான், டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் துண்டுகள். எதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. "முழு வண்டிக்கும் பாலி செட் போட்டுவிடு, ஆயுசுக்கும் கவலையில்லை" என்று சொன்ன நண்பர்கள் உண்டு. "கம்பெனி எதைப் போட்டதோ அதைத் தவிர வேறு எதையும் தொடாதே" என்றவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு மூட்டும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, அந்த வேலைக்கு ஏற்ற பொருளைப் போடுவதுதான் சரி என்பது என் முடிவு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. உருவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. 1961 முதல் நம் வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்து விற்றது. தனிச் சட்டம், அதன்மேல் போல்ட்டால் பூட்டிய பாடி. முன்னால் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங். பின்னால் குறுக்காகப் படுத்த ஒற்றை லீஃப் ஸ்பிரிங், ஊஞ்சல் போல ஆடும் ஸ்விங் ஆக்சில். முன்சக்கரம் திரும்புகிற மூட்டில் மேலே பால் ஜாயின்ட், கீழே டிரனியன் என்கிற வெண்கலத் துண்டு. 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளில் இதன் அருமை தெரியும். இத்தனை ஆட்டமும் திருப்பமும் புஷ்கள் வழியாகத்தான் நடக்கின்றன.

விஷ்போன்: முறுக்கா, சுழற்சியா

ரப்பர் புஷ் சுற்றுவதில்லை. இது புரியாமல்தான் பாதிப் பேர் ரப்பரைக் குறை சொல்கிறார்கள். நடுவில் இரும்புக் குழல், அதைச் சுற்றி ரப்பர், அது விஷ்போனின் கண்ணுக்குள் இறுக அழுத்தப்பட்டிருக்கும். போல்ட்டை முடுக்கியதும் குழல் சட்டத்தின் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு தானாகத் தன் நிலைக்கு வரும். உரசல் என்பதே கிடையாது. அதனால் எண்ணெய் கேட்காது, கிரீஸ் கேட்காது, சத்தம் போடாது. பாலி அப்படியில்லை. அது தொப்பி வடிவத்தில் இரண்டு பாதியாக வரும். நடுக்குழலின் மேல் பாலி சுழலும், வழுக்கும். சுழல்வதற்கு சிலிக்கான் கிரீஸ் வேண்டும்.

எட்டு வருடம் முன்பு ஒரு ஒர்க்ஷாப்பில் முன்பக்க ரப்பர் புஷ் முழுவதும் புதிதாகப் போட்டேன். ஒரு கோடை முடிவதற்குள் எல்லாம் கிழிந்துவிட்டன. "லோக்கல் ரப்பர், அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன். பிறகு புதுப்பேட்டையில் ஒரு பெரியவர், ஹெரால்டு புதிதாக ஓடிய காலத்திலேயே கைவைத்தவர், கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வண்டிய தூக்கி வெச்சுக்கினு டைட் வெச்சாங்களா சார்?"

"ஆமாங்க, லிஃப்டுல வெச்சுத்தான்."

"அதான். ரப்பர் மேல தப்பு இல்ல சார். சக்கரம் தொங்கும்போது டைட் வெச்சா, கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கும். நின்னா முறுக்கு, ஓடுனா இன்னும் முறுக்கு. எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

ஈரத்துணியைப் பிழிந்த கையோடு பிடித்தபடியே வைத்திருப்பது போலத்தான் அது. அன்று முதல் என் வண்டியில் ரப்பர் புஷ் போல்ட் எதுவும் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது இறுதியாக முடுக்கப்படுவதில்லை. எல்லாவற்றையும் கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை முன்பக்கத்தை அமுக்கி விட்டு, முன் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, அதன் பிறகுதான் முழு முடுக்கு. மேல் விஷ்போனுக்கு ஹெரால்டில் இது மிகச் சுலபம், பானெட்டைச் சாய்த்தால் எல்லாம் கண்முன்னால். கீழ் விஷ்போனுக்கு சர்வீஸ் பள்ளம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்தில் கனமான மரக்கட்டைகளை வைத்து இறக்கிக்கொள்ளலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

விஷ்போனுக்கு பாலி போட்டால் என்ன? வேலை செய்யும். விஷ்போன் ஒரே தளத்தில்தான் மேலும் கீழும் ஆடுகிறது, சுழல்கிற புஷ்ஷுக்கு அது பொருத்தமான இயக்கம்தான். நண்பர் ஒருவரின் ஹெரால்டில் முன்பக்கம் முழுக்க பாலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது, வளைவில் முன்பக்கம் குழையவே இல்லை. அதே வண்டி திருவான்மியூர் தாண்டி ஊருக்குள் வந்ததும் ஒவ்வொரு பள்ளமும் டாஷ்போர்டுக்கு வந்தது. சாதாரண ரப்பர் புஷ்ஷின் கடினம் ஷோர் ஏ அளவில் 60, 65 என்ற வாக்கில் இருக்கும். பாலி 80-இல் தொடங்கி 95 வரைகூடப் போகும். அந்தக் கூடுதல் கடினம் ஸ்டீயரிங்கில் துல்லியமாகக் கிடைக்கிறது, சட்டத்தில் அதிர்வாக இறங்குகிறது. ஹெரால்டின் பாடியோ துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் இணைத்தது. அதிர்வு ஏற ஏற ஒவ்வொரு இணைப்பும் பேச ஆரம்பிக்கும்.

இன்னொன்று, கிரீஸ். நம் ஊர்ப் புழுதியில் சிலிக்கான் கிரீஸ் காய்ந்து மண் ஏறினால், வேகத்தடையில் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் பூச வேண்டும். மேலும் பாலியில் இரண்டு சாதி உண்டு. பாலியெஸ்டர் அடிப்படையில் செய்தது ஈரப்பதத்தில் மெல்ல மெல்ல உடைந்து பிசுபிசுத்துப் போகும். பாலியீதர் அடிப்படையில் செய்தது தாங்கும். சென்னைக் காற்றுக்கு வாங்குவதானால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் விற்பவருக்கே தெரியாத சரக்கை விட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் ராலிக்குப் போகிறவர், வருடா வருடம் கழற்றிப் பூட்ட அலுக்காதவர், விஷ்போனுக்கு பாலி போடலாம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஞாயிறு காலைக்கும் எடுக்கிற வண்டி என்றால் ரப்பர்தான். என்னுடையதில் ரப்பர்.

எந்த ரப்பர்

ஜி.பி. ரோட்டில் பெட்டி உடைக்காத பழைய சரக்கைப் பார்த்ததும் எனக்கும் மனம் துள்ளியது. அந்த அட்டைப்பெட்டியின் வாசனையே போதும். ஆனால் ரப்பர் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவே இல்லை. குழலைப் பிடித்து லேசாக வளைத்தேன், ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஐம்பது வருடம் இருட்டில் கிடந்த ரப்பர் புதிய ரப்பர் அல்ல. அலமாரியில் வைத்து ரசிக்கலாம், வண்டியில் போட வேண்டாம்.

உள்ளூரில் வார்ப்பதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கலவை. மறுசுழற்சி ரப்பரை அதிகம் கலந்தால் கறுப்பாகப் பளபளப்பாக இருக்கும், திரும்பித் தன் நிலைக்கு வராது. முறுக்கிப் பார்த்துவிட்டு விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வேண்டாம். இயற்கை ரப்பர், ஷோர் 60-லிருந்து 65-க்குள் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, நடுக்குழலோடு ரப்பர் வெந்து ஒட்டியிருக்கிறதா, வெறுமனே செருகியிருக்கிறதா என்பது. செருகியதாக இருந்தால் குழலை வைஸில் பிடித்து ரப்பரைக் கையால் திருப்பினாலே நழுவும். அது முறுக்கிக்கொள்ளாது, உரசும், சீக்கிரம் பொடியாகும். எனக்கு முதல் தடவை வந்த எட்டில் மூன்று அப்படி இருந்தன. திருப்பிக் கொடுத்து மறுபடி செய்து வாங்கினேன்.

புஷ்ஷை ஏற்றும்போது என்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவிவிடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை உப்ப வைத்து மெதுமெதுவென்று ஆக்கிவிடும். சோப்புத் தண்ணீர் போதும், வைஸில் ஒரு பெரிய சாக்கெட்டை முட்டுக் கொடுத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்தப் பிராக்கெட்டில் எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் கழற்றினால் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும்.

ஸ்டீயரிங் ரேக்: இங்கே பாலி

ரேக் மவுன்ட் விஷயத்தில் என் கட்சி மாறுகிறது. இந்த இரண்டு புஷ்களும் ஆட வேண்டியவையே அல்ல. ரேக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, சாலையின் அதிர்ச்சி கைக்கு வராமல் கொஞ்சம் தின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மெத்தென்ற ரப்பர் நாள்படத் தளர்ந்தால் ரேக் முழுவதுமாகப் பக்கவாட்டில் நகரும். நான் கத்திப்பாராவில் உணர்ந்தது அதுதான். அதற்கும் மேலாக, ரேக் இருக்கும் இடம் என்ஜினை ஒட்டி. பழைய என்ஜின் எண்ணெய் கசியாமல் இருக்காது, கசிந்தது சொட்டுவது அங்கே. பாலிக்கு எண்ணெயால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

அலுமினியக் கட்டையால் பிடிக்கிற முறையும் உண்டு, பந்தய வண்டிக்காரர்கள் போடுவார்கள். ஸ்டீயரிங் கத்தி மாதிரி இருக்கும். ஆனால் நம் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் வந்து அடிக்கும், ரேக்கின் பல்லும் அந்த அடியை வாங்கும். நடுவழி பாலிதான். யு போல்ட்டுகளை முடுக்கும்போது இரண்டையும் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். புஷ் பக்கவாட்டில் கொஞ்சம் அமுங்கி உட்கார்ந்தால்தான் ரேக் நகராது. சும்மா வைத்து முடுக்கினால் புதிய புஷ்ஷிலும் பழைய ஆட்டம் இருக்கும்.

ஸ்டீயரிங் தண்டின் அடியில் ரேக்கோடு சேர்கிற இடத்தில் ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. அதில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், இது பணம் மிச்சம் பிடிக்கிற இடமல்ல. மாற்றும்போது அதன் குறுக்கே போகிற சின்ன எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அந்த வயர் இல்லையென்றால் ஹாரன் அடிக்காது. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஆன்டி ரோல் பார் புஷ்ஷும் பாலியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. கழற்ற எளிது, கிரீஸ் வைக்க எளிது.

டிரனியன்: நைலானும் எண்ணெயும்

ஹெரால்டில் உயிர் போகிற இடம் இது. கம்பெனி இங்கே போட்டதே நைலான் புஷ். டிரனியனின் குறுக்கே ஒரு இரும்புக் குழல், அதன் இரு பக்கமும் நைலான் தொப்பிகள், தூசி போகாமல் வாஷர்கள். இவை தேய்ந்தால்தான் வேகத்தடையில் அந்த "லொடக்".

லேத்தில் நைலான் கடைந்து கொடுப்பவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும் பொருள். முன்பு ஒரு மார்கழியில் கச்சிதமாகக் கடைந்து போட்டது அடுத்த மழைக்காலம் முடிந்ததும் குழலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. விஷ்போன் கனமாக ஆடியது, கழற்றும்போது போல்ட்டை அறுக்க வேண்டி வந்தது. இப்போது டெல்ரினில் கடைந்து போடுகிறேன். அது ஈரம் குடிப்பது மிகக் குறைவு, அளவு மாறாது, தேய்மானமும் குறைவு. கம்பெனி அளவில் வார்த்த நைலான் கிடைத்தால் அதுவும் நல்லதே, லேத் நைலானைவிட டெல்ரின் மேல். மாட்டும்போது போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவில் தாமிர கிரீஸ் தடவினால் அடுத்த முறை ரம்பம் எடுக்க வேண்டியிருக்காது.

இனிச் சொல்வதை ஹெரால்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் திரும்பும்போது நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தண்டின் அடிப்பகுதி டிரனியனுக்குள் மரையில் சுழல்கிறது. அந்த மரைக்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் அந்தச் சின்னத் துவாரத்துக்குள் போய்க் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், மரைக்கு எண்ணெய் போகாது, உள்ளே தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்து படுத்துவிடும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் பையன் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) இருக்கிற இடமெல்லாம் கிரீஸ் கன்னை வைத்துவிடுவான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மற்ற வண்டிகளுக்கு அது சரியான பழக்கம். அதனால் நான் நிப்பிளையே கழற்றி, துவாரத்தை பிளக்கால் மூடி வைத்திருக்கிறேன். எண்ணெய் விடும்போது மட்டும் நிப்பிளை மாட்டி, கியர் ஆயில் நிரப்பிய தனி கன்னால் மேலே சீல் ஓரத்தில் எண்ணெய் எட்டிப்பார்க்கும் வரை அடிப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் அன்று மாலையே.

டிரனியனைப் புதிதாக வாங்கினால் இடது, வலது பார்த்து வாங்குங்கள். இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசை. முழுவதும் திருகி உட்கார வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் முழு லாக் (ஸ்டீயரிங் கடைசி வரை) திரும்பும் அளவுக்குக் கொஞ்சம் பின்னால் திருப்ப வேண்டும். அப்படியே விட்டால் திருப்பத்தில் முட்டும்.

பின்பக்கம்

பின்னால் ரேடியஸ் ஆர்ம் (பின்சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷுக்கு பாலி வேண்டவே வேண்டாம் என்பேன். ஸ்விங் ஆக்சிலில் சக்கரம் நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து சாய்ந்து போகிறது. ரேடியஸ் ஆர்ம் அதன் கூடவே மேலும் கீழும் ஆடுவதோடு முறுகவும் வேண்டும். ரப்பர் எல்லாத் திசையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடினமான பாலி ஒரு திசையில்தான் சுழலும். மற்ற திசைகளில் வருகிற முறுக்கு சட்டத்தில் பிராக்கெட் பற்றவைத்த இடத்துக்குப் போகும், ஐம்பது வருடத் துரு ஏறிய தகடு அதைத் தாங்காது. ஷாக் அப்சார்பர் கண்களுக்கும் ரப்பரே.

பின்பக்கம் தொய்ந்து உட்கார்ந்திருப்பது புஷ் மாற்றினால் சரியாகாது. அது லீஃப் ஸ்பிரிங் களைத்துப்போனது, வேறு வேலை.

போட்ட பிறகு

எல்லாம் முடிந்ததும் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டி தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் திரும்பப் பார்த்தேன். ரேக் யு போல்ட் இரண்டும் கால் சுற்று வாங்கின. அதன் பிறகுதான் வீல் அலைன்மென்ட். புஷ் உட்காருவதற்கு முன்னால் அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு.

வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரை வெயிலுக்கு முன்னும் மழைக்குப் பின்னும், ஒரு லீவர் கம்பியோடு அடியில் போகிறேன். ஒவ்வொரு மூட்டிலும் லேசாக நெம்பி, குழல் மையத்தில் இருக்கிறதா, ரப்பர் ஓரம் வெடித்திருக்கிறதா, கறுப்புப் பொடி தெரிகிறதா என்று பார்க்கிறேன். சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய எண்ணெயோ ஸ்பிரே அடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன். சட்டத்தின் துருவுக்கு நல்லதென்று பல வருடம் அடித்துவந்தேன். சட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் அது ஒவ்வொரு தடவையும் ரப்பரையும் நனைத்துக்கொண்டிருந்தது. இப்போது சட்டத்துக்கு மெழுகு வகைப் பூச்சைத் தூரிகையால் பூசுகிறேன், புஷ்களைத் தொடாமல்.

அம்பத்தூரில் வார்த்ததில் ஒரு செட் விஷ்போன் புஷ்ஷும் நான்கு ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷும் மிச்சம். டால்கம் பவுடர் தூவி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, வார்த்த மாதத்தை எழுதி, படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். முதலில் மோட்டார் பம்பு இருக்கிற அறையில்தான் வைத்தேன். ஓடுகிற மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும் என்று தெரிந்த அன்றே எடுத்து மாற்றிவிட்டேன்.